மின்னும் பிரேக் லைட் வாங்கப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க

இரவு ஒன்பது மணிக்கு மேல் எண்ணூர் விரைவுச் சாலையில் பைக் ஓட்டியவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒரு பக்கம் வரிசை கட்டி நிற்கும். காலியாகத் திரும்பும் டிரெய்லர்கள் மறுபக்கம் வேகமெடுக்கும். மீன் வண்டியிலிருந்து சிந்திய தண்ணீர் சாலையில் மினுமினுக்கும். நடுவில் நீங்கள், பின்னால் ஒரு 5 வாட் சிவப்பு விளக்கோடு. முன்னே போகிற ஷேர் ஆட்டோ சடாரென்று நிற்கிறது, நீங்களும் பிரேக் அடிக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அதைப் பார்த்தாரா?

இந்தக் கேள்விக்குப் பதில் என்று சொல்லித்தான் மின்னும் பிரேக் லைட்டுகள் விற்கிறார்கள். ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கிடைக்கும், போனில் இரண்டு தட்டு தட்டினால் வீட்டுக்கே வரும். விலையும் சில நூறு ரூபாய்தான். "அண்ணே, இத மாட்டுனா அரை கிலோமீட்டருக்கு அப்பால இருந்தே தெரியும்ணே" என்பார் கடைக்காரர். தெரியும், அதில் பொய்யில்லை. ஆனால் எது தெரியும், எப்போது தெரியும், அதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் என்ன செய்வார் என்பதையும் யோசித்துவிட்டுப் பணம் கொடுங்க.

பயம் வீணானதும் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் அந்த ஒரே ஆண்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பின்னாலிருந்து மோதிய வகை.

பிரேக் விளக்கு பின்னால் வருகிறவருக்குச் சொல்வது ஒரே செய்தி: 'நான் வேகத்தைக் குறைக்கிறேன்.' இந்தச் செய்தி போய்ச் சேர இரண்டு படி உண்டு. முதலில் அவர் கண் உங்கள் பக்கம் திரும்ப வேண்டும். அடுத்து, பார்த்தது பிரேக் விளக்குதான் என்று அவர் புரிந்துகொள்ள வேண்டும். மின்னுவது முதல் படிக்கு நன்றாக உதவும். ஓரக்கண்ணில் பட்டாலும் துடிக்கிற வெளிச்சம் கவனத்தை இழுத்துவிடும். இரண்டாவது படிக்கு மின்னுவது உதவாது, சில நேரம் கெடுக்கவும் செய்யும். மெதுவாக மின்னினால் இண்டிகேட்டர் என்று நினைப்பார்கள். நிற்காமல் மின்னிக்கொண்டே இருந்தால், நீங்கள் இன்னும் பிரேக்கில்தான் இருக்கிறீர்களா, விட்டுவிட்டீர்களா என்று தெரியாது. வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பதும் கஷ்டம். நிலையாக எரியும் விளக்கை வைத்துத்தான் நம் கண் தூரத்தை அளக்கும்.

அதனால் வாங்குவதென்றால், பிரேக் பிடித்தவுடன் மூன்று நான்கு முறை வேகமாக மின்னிவிட்டு, பிறகு நிலையாக எரியும் வகையை மட்டும் பாருங்கள். பிரேக்கை விடும் வரை மின்னிக்கொண்டே இருக்கும் வகை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

'வேகமாக' என்றால் எவ்வளவு? ஐரோப்பிய நாடுகள் உட்படப் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதிகளில் கார்களுக்கான 'அவசர நிறுத்த சமிக்ஞை' என்று ஒன்று இருக்கிறது. 50 கி.மீ.க்கு மேல் போகும்போது கடுமையாக பிரேக் அடித்தால் மட்டும் விளக்குகள் நொடிக்குச் சுமார் 4 முறை மின்னும். சாதாரணமாக பிரேக் பிடித்தால் மின்னாது. பி.எம்.டபிள்யூ.வின் பெரிய பைக்குகள் சிலவற்றிலும் 50 கி.மீ.க்கு மேல் கடுமையாக பிரேக் அடித்தால் நொடிக்கு 5 முறை மின்னும் வசதி தொழிற்சாலையிலேயே வருகிறது. ஆக, நொடிக்கு 4 அல்லது 5 முறை என்பதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் பல மாட்யூல்கள் இதைவிட வேகமாகத் துடிக்கும். அது பின்னால் வருகிறவரின் கண்ணைக் கூச வைப்பதோடு சரி. ஒளித் துடிப்பால் வலிப்பு வரக்கூடியவர்களும் சாலையில் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அமெரிக்கா இதற்கு நேர்மாறு. அங்கே பிரேக் விளக்கு நிலையாகத்தான் எரிய வேண்டும் என்பது வாகனத் தரவிதி. ஆனால் மின்னும் விளக்கைப் பற்றிய பழைய சோதனைகளில் ஒன்று நடந்ததும் அந்த நாட்டில்தான். 1970-களில் சான் பிரான்சிஸ்கோவில் சில நூறு டாக்சிகளின் பின்புறம் ஒரு மஞ்சள் விளக்கைப் பொருத்தினார்கள். எவ்வளவு கடுமையாக வேகம் குறைகிறதோ அவ்வளவு வேகமாக அது துடிக்கும். பின்னால் மோதும் விபத்துகள் 60 சதவீதம் அளவுக்குக் குறைந்தன என்று 1974-இல் அறிக்கை வந்தது. கேட்கும்போது உடனே ஒன்று வாங்கத் தோன்றும். பிறகு நடந்ததையும் கேளுங்க. டாக்சி சோதனைகளில் நல்ல பலன் தந்த இன்னொரு விளக்கு, காரின் பின்கண்ணாடிப் பக்கம் நடுவில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கு. 1986 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். 1987-இல் பின்மோதல்கள் 8.5 சதவீதம் குறைந்தன. 1989-க்குப் பிறகு அது 4.3 சதவீதத்தில் வந்து நின்றது. விளக்கில் கோளாறு ஏதுமில்லை, ஜனங்களுக்கு அது பழகிவிட்டது. புதிதாக இருக்கிற வரைதான் கண் அதிகமாகத் திரும்பும். தண்டையார்பேட்டை சிக்னலில் பத்து பைக்குகளும் டிஸ்கோ போல மின்னினால் பதினொன்றாவது பைக்கை யார் பார்க்கப் போகிறார்கள்?

இந்தக் காரணத்தால்தான் நெரிசலில் ஒவ்வொரு முறை பிரேக்கைத் தொடும்போதும் மின்னும் வகையும் எனக்குப் பிடிப்பதில்லை. ஒருமுறை மின்னிய பிறகு சில நொடிகளுக்கு மறுபடி மின்னாமல் நிலையாக மட்டும் எரியும் மாட்யூல்கள் இருக்கின்றன. அவை பரவாயில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 'போலீஸ் புடிப்பாங்களா சார்?' என்பதுதானே எல்லோரும் முதலில் கேட்பது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் 4-ஆவது உட்பிரிவு இன்னும் நேரடியானது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, வெளியில் வாங்கிப் பொருத்திய உதிரிபாகம் உட்பட, ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-ஆவது விதிப்படி வண்டியின் பின்பக்கம் சிவப்பு தவிர வேறு நிற விளக்கு காட்டக்கூடாது. இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ஆகவே நீலம், பச்சை, வெள்ளை, நிறம் மாறும் ஸ்ட்ரிப் எல்லாம் பேச்சுக்கே இடமில்லாமல் தவறு. நீலம் மின்னினால் பின்னால் வருகிறவர் போலீஸ் வண்டி என்று குழம்பவும் கூடும்.

சிவப்பாகவே மின்னினால்? தொழிற்சாலையில் பொருத்தி, சோதனை முடித்து, சான்று பெற்று வருகிற அமைப்பு வேறு. நீங்கள் வயரை வெட்டி நடுவில் செருகும் மாட்யூல் வேறு. இரண்டாவதற்கு அந்தச் சான்று கிடையாது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் 'ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றது' என்ற வரியை நம்பி வாங்கிவிட்டு, சாலையில் நிறுத்தும்போது அந்தப் பெட்டியைக் காட்ட முடியாது. உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாடல் பெயரோடு எழுத்துமூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு வண்டி வாரண்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டரிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. வயரிங்கில் கை வைத்தாலே மின்பாகங்களுக்கான வாரண்டி போய்விடும் என்ற நிபந்தனை பல வண்டிகளுக்கு உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது வண்டியோடு வந்த பிரேக் லைட்டை. வடசென்னையில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை காற்றில் உப்பு. மணலி, எண்ணூர்ப் பக்கம் தூசும் கரியும் வேறு. ஒரு மாதம் துடைக்காத டெயில் லைட் கண்ணாடி மேல் விரலால் கோடு போட்டால் பெயரே எழுதலாம். உள்ளே பல்பு ஹோல்டரில் பச்சைப் பாசி போல் துரு படிந்திருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் அந்தத் துரு இன்னும் ஆழமாகவே இறங்கியிருக்கும்.

பல பைக்குகளில் பின்னால் இருப்பது ஒரே பல்பு, உள்ளே இரண்டு இழை. டெயில் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் இடையே உள்ள வெளிச்ச வித்தியாசம்தான் பிரேக் விளக்கே. கண்ணாடி அழுக்கானால், ஹோல்டரில் துரு ஏறினால், அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் இன்னொரு கோளாறு: டெயில் லைட்டே பளிச்சென்று எரியும், பிரேக் பிடித்தால் கொஞ்சம்தான் கூடும். பகலில் அழகாக இருக்கும், இரவில் பின்னால் வருகிறவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

சுவிட்சையும் பாருங்க. முன் பிரேக் லீவருக்கு ஒன்று, பின் பிரேக் பெடலுக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி. சில பழைய வண்டிகளில் முன் பிரேக்குக்கு சுவிட்சே கிடையாது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து 1950-களில் வெளிவரத் தொடங்கிய புல்லட்டுகளில் இன்றும் ஓடுகிற பழைய வண்டி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், பெருமையோடு சேர்த்து இதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் விளக்கு எரிகிறதா? பெடலை லேசாகத் தொட்டதும் எரிகிறதா, பாதி அமுக்கிய பிறகுதான் எரிகிறதா? பெடல் சுவிட்சில் ஒரு நட்டைத் திருகினால் சரியாகிற விஷயம், மெக்கானிக்குக்கு இரண்டு நிமிட வேலை. சுவிட்ச் சிக்கிக்கொண்டு எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தால், அது விளக்கே இல்லாததற்குச் சமம்.

இதையெல்லாம் சோதிக்க உங்கள் போன் போதும். இரவில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, யாரையாவது பிரேக் பிடிக்கச் சொல்லிவிட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்று வீடியோ எடுங்கள். பிறகு முப்பது மீட்டர். அதையே மதிய வெயிலில், விளக்கின் மேல் வெயில் படுகிற மாதிரி நிறுத்தி எடுங்கள். பிரேக் பிடித்த கணம் எது என்று வீடியோவைப் பார்த்து வீட்டில் உள்ள வேறொருவரால் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் டிரெய்லர் ஓட்டுநராலும் முடியாது. மின்னும் மாட்யூல் ஏற்கெனவே மாட்டியிருந்தால் ஸ்லோ மோஷனில் எடுத்து, ஒரு நொடிக்கு எத்தனை முறை அணைந்து எரிகிறது என்று எண்ணுங்கள். ஒரு எச்சரிக்கை: சில எல்.இ.டி. டெயில் லைட்டுகள் கண்ணுக்கு நிலையாகத் தெரிந்தாலும் வீடியோவில் துடிப்பது போல் வரும். அதைக் கணக்கில் சேர்க்காதீங்க.

பழைய இழை பல்பு சரியாக எரிந்தாலும், நல்ல எல்.இ.டி.யோடு ஒப்பிட்டால் முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 நொடி தாமதமாகும். சின்ன நேரம்தான். ஆனால் பின்னால் 50 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி அந்த நேரத்தில் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஓடியிருக்கும், அதாவது ஒரு பைக்கின் நீளத்தைவிட அதிகம். வண்டியிலேயே எல்.இ.டி. பிரேக் லைட் வந்திருந்தால் இந்த ஆதாயம் செலவில்லாமல் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகமும் சரி என்றுவிட்டது என்றால், பொருத்தும் விதத்தில் கவனம் வையுங்கள். சுவிட்சுக்கும் பல்புக்கும் நடுவே வயரை வெட்டிச் செருகும் மாட்யூல்தான் விலை குறைவு. ஆபத்தும் அதில்தான் அதிகம். அது கெட்டுப்போனால் வண்டியின் சொந்த பிரேக் லைட்டும் சேர்ந்தே அணைந்துவிடும், ஓட்டுகிற உங்களுக்கு அது தெரியவே தெரியாது. வண்டியின் சொந்த விளக்கு எப்போதும் போல நிலையாக எரிய, தனியாக இன்னொரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிவிட்டு நிலைக்கு வரும் அமைப்பு மேல். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். வயரை வெட்டாமல் கப்ளரில் செருகும்படி இருந்தால் நல்லது. தண்ணீர், தூசு தாங்க ஐ.பி.67 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். தூசு உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அதற்குப் பொருள். உப்புக் காற்றுக்கு அந்தக் குறியீடு உத்தரவாதம் தராது. அதனால் இணைப்புகளுக்கு மேல் டேப் மட்டும் சுற்றாமல், சுருங்கும் ஸ்லீவ் போட்டு சூடுகாட்டச் சொல்லுங்கள். நம்பர் பிளேட்டையும் ரிஃப்ளெக்டரையும் மறைக்கிற இடத்தில் மாட்டக்கூடாது.

ஹெல்மெட்டில் ஒட்டும் வயர் இல்லாத பிரேக் லைட்டும் வருகிறது. உயரத்தில் இருப்பதால் லாரிக்காரர் கண்ணுக்கு நன்றாகவே படும், அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சார்ஜ் தீர்ந்தால் இல்லை. ஹெல்மெட்டில் ஓட்டை போட்டுத் திருகுகிற மாதிரி இருந்தால் தொடவே தொடாதீங்க. ஓட்டின் பலமே போய்விடும்.

ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு ஸ்டிக்கரைப் பின்னால் ஒட்டுவது மலிவு, நல்லதும்கூட. ஆனால் ரிஃப்ளெக்டர், வெளிச்சம் வந்த திசையிலேயே அதைத் திருப்பி அனுப்பும். காரில் ஹெட்லைட்டும் ஓட்டுநர் கண்ணும் அருகருகே இருப்பதால் அவருக்குப் பளிச்சென்று தெரியும். டிரெய்லரில் ஓட்டுநர் ஹெட்லைட்டுக்கு வெகு மேலே உட்கார்ந்திருப்பதால் பக்கத்தில் வரவர அவருக்கு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. ஆகவே ஸ்டிக்கர் இருக்கிறதே என்று எரியாத டெயில் லைட்டோடு போகாதீர்கள்.

டிரெய்லர் என்று வந்துவிட்டால் எந்த விளக்குக்கும் எல்லை உண்டு. கன்டெய்னர் ஒன்றே சரக்கோடு 30 டன் வரை இருக்கும், அதற்கு மேல் வண்டியின் எடை வேறு. ஓட்டுநர் உங்களைப் பார்த்து, பிரேக் அடித்து, காற்று பிரேக் சக்கரம் வரை போய்ப் பிடிப்பதற்குள் வண்டி நிறைய தூரம் ஓடியிருக்கும். அவருடைய கேபினுக்கு நேர் முன்னால், பம்பரை ஒட்டி நிற்கிற பைக் அவர் கண்ணுக்கே தெரியாது. இடது பக்கம் ஒட்டிப் போகிற பைக்கும் அப்படித்தான். அந்த இடங்களில் நீங்கள் இருந்தால் பின்னால் எது மின்னினாலும் பயனில்லை. எர்ணாவூர்ப் பக்கமோ மணலி சாலையிலோ டிரெய்லர் வரிசைக்கு நடுவில் இடைவெளி கிடைத்ததே என்று புகுந்து, அடுத்த நொடி பிரேக் அடிப்பதுதான் மோசமான இடம்.

காசு செலவில்லாமல் மின்ன வைக்கவும் ஒரு வழி உண்டு, பழைய ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. முன்னால் நிறுத்த வேண்டி வரும் என்று தெரிந்ததுமே கண்ணாடியைப் பாருங்கள். வண்டி வேகம் குறையாத அளவுக்கு பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட்டு விடுங்கள், பிறகு பிடியுங்கள். பின்னால் வருகிறவருக்கு இரண்டு மின்னல், அப்புறம் நிலையான விளக்கு. கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அப்போது வண்டி மெதுவாகும், ஆனால் விளக்கு எரியாது.

ஆன்லைனில் வாங்கிய பொருள் விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லை என்றால் பில்லையும், பெட்டியைப் பிரிக்கும் வீடியோவையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். உங்கள் தெருவிலோ நீங்கள் போகும் சாலையிலோ மாநகராட்சி விளக்கு எரியாமல் கிடந்தால் 1913-இல் சொல்லலாம். கம்பத்தின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் தேடி அலைய வேண்டியிருக்காது. யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம். 2021 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும், வெளிமாநில டிரெய்லர் ஓட்டுநராக இருந்தாலும் பொருந்தும்.